கண்டியில் ஒரு போலந்து ஆயர்

கண்டி வாவியைச் சுற்றிக்கொண்டு தெற்கே ஏறும் அம்பிட்டியச் சாலையில், மரங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய பழைய கட்டடம் இருக்கிறது. இன்று அது இலங்கைக் கத்தோலிக்கத் திருச்சபையின் தேசிய குருமடம். நாட்டின் பல மறைமாவட்டங்களிலிருந்தும் இளைஞர்கள் அங்கே வந்து தங்கிப் படித்துக் குருவானவர்களாக வெளியேறுகிறார்கள். ஆனால் அம்பிட்டியவில் குருமடம் தோன்றியது இலங்கைக்காக மட்டுமன்று. பாப்பரசர் 13 ஆம் லியோவின் ஆணைப்படி, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் பிள்ளைகளைக் குருக்களாக்குவதற்கென 1893 இல் அது தொடங்கப்பட்டது. தொடங்கியவர் லதிஸ்லாஸ் சாலெஸ்கி என்னும் பேராயர். அவரைப் பற்றி எழுத வேண்டுமென்பது எனக்கு நீண்ட நாளைய ஆவல்.

அக்குறணைக்காரனுக்குக் கத்தோலிக்க ஆயரிடம் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அக்குறணை, கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி வரும் முஸ்லிம் ஊர். பிங்கா ஓயா பெருகினால் கடைத்தெருவில் தண்ணீர் ஏறும் ஊர் என்று சொன்னால் செய்தி வாசிப்பவர்களுக்கு உடனே விளங்கும். மிளகு, கராம்பு, சாதிக்காய் வியாபாரம் எங்களூரின் பழைய தொழில். கண்டி மன்னரின் படைக்கு உதவ வந்த அரபிகள் இங்கே சிங்களப் பெண்களை மணந்து தங்கிவிட்டார்கள், அவர்களின் வழித்தோன்றல்களே நாம் என்பது எங்கள் ஊரின் வாய்மொழி மரபு. வெளியிலிருந்து வந்தவர் எவர், உள்ளூர்க்காரர் எவர் என்ற கேள்வி எங்களுக்குப் புதிதன்று. சாலெஸ்கியின் வாழ்க்கை என்னை ஈர்த்ததற்கு அந்தக் கேள்வியே காரணம்.

என் பாட்டனார் (எங்களூரில் நாங்கள் 'அப்பா' என்போம்) அந்தக் காலத்தில் கண்டியில் பல மடங்களின் சமையற்கட்டுக்கு வாசனைச் சரக்குக் கொடுத்துவந்தவர். அம்பிட்டியக் குருமடத்தைப் பற்றி அவர் சொல்வது ஒரே ஒரு விஷயம்தான். "அங்க மலையாளத்தான் இருந்தான், கோவாக்காரன் இருந்தான், மங்களூரான் இருந்தான், நம்மட யாழ்ப்பாணத்துப் பொடியனும் இருந்தான். ஆனா அங்க பேசின பாஷ ஒருத்தனுக்கும் சொந்தமில்ல மகன்." அந்தப் பாஷை இலத்தீன் என்று நான் தெரிந்துகொண்டது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கச் சென்ற பின்னரே.

சாலெஸ்கி 1852 இல் இன்றைய லித்துவேனியாவில் உள்ள வெலியோனா என்னும் ஊரில், போலந்து மொழி பேசும் பிரபுத்துவக் குடும்பத்தில் பிறந்தார். அவர் பிறந்தபோது உலக வரைபடத்தில் போலந்து என்றொரு நாடு இல்லை. 1795 இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகளும் அதைக் கடைசித் துண்டுவரை பங்கிட்டுக்கொண்டிருந்தன. அவருக்கு 11 வயதாக இருக்கையில், 1863 இல், ரஷ்ய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்து ஒடுக்கப்பட்டது. அதன்பின் லித்துவேனிய மொழியை இலத்தீன் எழுத்தில் அச்சிடுவதையே ஜார் அரசு தடைசெய்தது. அந்தத் தடை 1904 வரை நீடித்தது. எல்லைக்கு அப்பால் அச்சிட்ட பிரார்த்தனைப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் மூட்டைகளில் கட்டி இரவில் கடத்திவந்தவர்களை அந்நாட்டு மக்கள் இன்றும் வீரர்களாகப் போற்றுகின்றனர். பத்திரிகைத் தொழிலில் 30 ஆண்டுகளைக் கழித்த எனக்கு இந்தச் செய்தியை வாசிக்கையில் மெய்சிலிர்த்தது.

அப்படிப்பட்ட நிலத்திலிருந்து சாலெஸ்கி வார்சாவுக்கும் பின்னர் ரோமுக்கும் சென்று படித்தார். 1882 இல் குருவானார். வத்திக்கானின் இராஜதந்திரப் பணியில் சேர்ந்து, 1886 இல் கிழக்கிந்தியாவுக்கான திருத்தூதுப் பிரதிநிதியின் செயலாளராக முதன்முறையாக இந்தப் பக்கம் வந்தார். 1892 இல் தாமே பிரதிநிதியாகவும் பேராயராகவும் நியமிக்கப்பட்டு, கண்டியை உறைவிடமாகக் கொண்டார். 1916 வரை, 24 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அவர் வந்தபோது இங்கே நிலைமை எப்படி இருந்தது? 1886 இல்தான் இந்தியாவிலும் இலங்கையிலும் முறையான மறைமாவட்டங்கள் ஏற்படுத்தப்பட்டிருந்தன. அந்நாளைய தமிழில் சொன்னால் மேற்றிராசனங்கள். கொழும்பில் பொன்ஜோன் ஆண்டகை, யாழ்ப்பாணத்தில் மெலிசன் ஆண்டகை, இருவரும் பிரெஞ்சுக்காரர்கள். கண்டியில் பஞ்ஞானி ஆண்டகை, இத்தாலியத் துறவி. இவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பொன்ஜோன் ஆண்டகை யாழ்ப்பாணத்தில் ஆயராக இருந்த காலத்தில்தான், 1876 இல், 'சத்தியவேத பாதுகாவலன்' பத்திரிகை தொடங்கியது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகை வரலாற்றை எவர் எழுதினாலும் அந்தப் பெயரைத் தவிர்க்க முடியாது. ஆயினும் இந்தியாவிலும் இலங்கையிலும் அக்காலத்தில் ஆயர் என்றால் ஐரோப்பியர் என்றே பொருள். உள்ளூர்க் குருக்கள் இருந்தார்கள், துணைக் குருக்களாக இருந்தார்கள், வேதம் சொல்லிக் கொடுத்தார்கள். தலைமை மட்டும் கப்பலில் வந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. இலங்கைக் கத்தோலிக்கம் உயிர்பிழைத்ததே ஓர் இந்தியக் குருவால். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை இருந்த காலத்தில், 1687 இல், கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். 1692 இல் கண்டிக்கு வந்தபோது ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, எல்லோரும் கைவிட்டுச் சென்ற நோயாளிகளை அவரும் அவரோடு இருந்த கோவாக் குருவும் பராமரித்தார்கள். 1711 இல் கண்டியிலேயே காலமானார். 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்த செய்தி எங்கள் பத்திரிகைகளில் எல்லாம் முதற்பக்கத்தில் வந்தது. ஐரோப்பியர் நுழைய முடியாத நாட்டில் ஒரு கோவாக்காரரால் காக்கப்பட்ட சபைக்கு, 200 ஆண்டுகள் கழித்தும் இந்நாட்டு மகன் ஒருவரை ஆயராக்கும் துணிவு வரவில்லை.

துணிந்த சில தருணங்களும் இடையில் இருந்தன. கோவாவைச் சேர்ந்த மத்தேயு தெ காஸ்த்ரோ 1637 இல் ரோமில் ஆயராக்கப்பட்டார். போர்த்துக்கேயரின் எதிர்ப்பே அவருடைய வாழ்நாளை விழுங்கியது. 1663 இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றி அந்நியக் குருக்களை வெளியேற்றியபோது, வேறு வழியின்றிக் கேரளத்தின் பறம்பில் சாண்டி ஆயரானார். 1783 இல் மலையாளியான கரியாட்டில் யோசேப் லிஸ்பனில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தாயகம் திரும்பும் வழியில் 1786 இல் கோவாவில் அவர் உயிர் பிரிந்தது. தம் மக்களை ஆயராக ஒருநாளும் அவர் காணவில்லை. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் நினைவில் அது ஆறாத புண்ணாகவே இருந்தது.

இந்தப் பின்னணியில்தான் 1896 ஆம் ஆண்டை நோக்க வேண்டும். அதுவரை அவர்களை ஆண்டவர்களும் வெளியாரே. 1887 முதல் கோட்டயத்தில் பிரெஞ்சு இயேசு சபையினரான லவீஞ், திருச்சூரில் ஆங்கில வழிவந்த மெட்லிகொட். 13 ஆம் லியோ 1896 ஜூலையில் எர்ணாகுளம், திருச்சூர், சங்ஙனாச்சேரி ஆகிய மூன்று பிரிவுகளை ஏற்படுத்தி, மூன்றுக்கும் மலையாளிகளையே ஆயர்களாக நியமித்தார். அலோசியஸ் பழேபறம்பில், ஜோன் மேனாச்சேரி, மத்தாய் மாக்கீல் ஆகியோரே அம்மூவர். அவர்களின் திருநிலைப்பாடு நடந்த இடம் கேரளமன்று, ரோமன்று. 1896 ஒக்டோபர் 25 அன்று, கண்டியில், சாலெஸ்கியின் கைகளால் அது நடந்தது.

நம் கண்டியில் இது நடந்தது என்பதை எண்ணிப்பார்க்கும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. 1867 இலேயே கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்துவிட்டது. தலதா மாளிகையின் நகரம், பெரஹராவின் நகரம், வெள்ளைக்காரத் துரைமாரின் தேயிலை நகரம் என்று எத்தனையோ அடையாளங்கள் கண்டிக்கு உண்டு. இந்தியத் திருச்சபையின் தலைமை இந்தியர் கைக்கு மாறத் தொடங்கிய நகரம் என்ற அடையாளத்தை மட்டும் நாம் மறந்துவிட்டோம்.

லவீஞ் ஆண்டகைக்கு என்னவாயிற்று என்பதும் அறியத்தக்கது. தம் பதவி ஒரு மலையாளியிடம் சென்றபின், 1898 இல் அவர் திருகோணமலையின் ஆயராக அனுப்பப்பட்டார். தமிழ் பேசும் கிழக்கிலங்கையை 1913 இல் இறக்கும்வரை ஆண்டார். ஓரிடத்தில் உள்ளூரவருக்கு வழிவிட்டவர், இன்னோரிடத்தில் வெளியூரவராகவே மீண்டும் தலைமை ஏற்றார். மாற்றம் அவ்வளவு மெதுவாகத்தான் வந்தது.

இனி அந்தக் குருமடத்துக்கு வருகிறேன். 1893 ஜூன் 24 அன்று 13 ஆம் லியோ ஒரு சுற்றுமடல் விடுத்தார். ஐரோப்பாவிலிருந்து வரும் குருக்களை மட்டும் நம்பியிருந்தால் ஒருநாள் அந்த வரத்து நின்றுபோகக்கூடும், அந்நாட்டு மக்களின் மொழியும் பழக்கவழக்கமும் அந்நாட்டில் பிறந்தவர்களுக்கே நன்கு தெரியும், ஆகவே உள்ளூர்க் குருக்களைப் பயிற்றுவிக்கக் குருமடங்கள் வேண்டும் என்பது அதன் சாரம். அதன் நினைவாக வெளியிடப்பட்ட பதக்கத்தில், இந்தியாவே, உன் மைந்தர்களே உனக்கு மீட்பின் பணியாளராவர் என்ற பொருள்பட ஒரு வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டில் கண்டியில் பாப்பரசர் குருமடம் தொடங்கிற்று. நிர்வாகம் பெல்ஜிய நாட்டு இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1926 இல் பட்டம் வழங்கும் உரிமையையும் பெற்றது.

அங்கே படித்தவர்கள் பின்னாளில் எங்கெல்லாம் சென்றார்கள் என்பதைப் பார்த்தால் போதும். 1953 இல் இந்தியாவின் முதல் கர்தினாலான வலேரியன் கிரேசியஸ் கண்டியில் படித்தவர். 1969 இல் கர்தினாலான எர்ணாகுளத்து யோசேப் பாறேக்காட்டிலும் கண்டியில் படித்தவர். 1955 இல் பாப்பரசர் குருமடம் இந்தியாவின் பூனே நகருக்கு இடம்பெயர்ந்தது. இரு நாடுகளும் தனித்தனியே சுதந்திரம் பெற்றபின் அது தவிர்க்க முடியாததாயிற்று. அதே ஆண்டில் அம்பிட்டியவில் இலங்கைக்கான தேசிய குருமடம் தொடங்கியது.

குருமடத்தை நான் போற்றுகிறேன் என்பதற்காக அதன் குறையைக் கூறாதிருத்தல் முறையன்று. உள்ளூர் மொழி தெரிந்தவர்களே வேண்டும் என்று தொடங்கப்பட்ட மடத்தில் கல்வி இலத்தீனில் நடந்தது. ஆசிரியர்கள் ஐரோப்பியர். என் பாட்டனாரின் கண்ணுக்குப் பட்டது இதுவே. பல மொழிக்காரர்கள் ஒரே கூரையின்கீழ் வாழப் பொதுமொழி ஒன்று தேவைதான். ஆனால் பத்தாண்டுகள் இலத்தீனில் சிந்தித்தவர் தம் ஊருக்குத் திரும்பித் தம் உம்மாவின் மொழியில் பேசுவதற்கு எத்தனை ஆண்டுகள் எடுத்திருக்கும்?

சாலெஸ்கியின் காலத்துக் கண்டியை நினைக்கையில் இன்னும் இருவர் நினைவுக்கு வருகிறார்கள். எகிப்தில் ஆங்கிலேயருக்கு எதிராகப் போராடித் தோற்று, 1883 இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷா, சாலெஸ்கி பிரதிநிதியான அதே 1892 இல் கொழும்பிலிருந்து கண்டிக்குக் குடிபெயர்ந்தார். 1901 இல் எகிப்து திரும்பும்வரை இங்கேயே இருந்தார். இன்னொருவர் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெவ்வை. 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர், தமிழின் முதல் நாவல்களுள் ஒன்றான 'அசன்பேயுடைய கதை'யை 1885 இல் வெளியிட்டவர், 1898 இல் மறைந்தவர். வக்கீல் தொழிலை ஒதுக்கி வைத்துவிட்டு முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும், நமக்கு நம்மவரே ஆசிரியராக வேண்டும் என்று ஊர் ஊராகச் சென்றார். நாடிழந்த ஒரு போலந்துக்காரர், நாடிழந்த ஓர் எகிப்தியர், தம் மக்களைக் கல்வியால் தலைநிமிர்த்த முயன்ற ஒரு கண்டியர். 1890களில் இம்மூவரும் ஒரே நகரத்தின் காற்றைச் சுவாசித்தார்கள். ஒரு சமுதாயம் தன் காலில் நிற்பது எப்படி என்ற ஒரே வினாவை மூவரும் வெவ்வேறு திசைகளிலிருந்து சந்தித்தவர்கள் என்றே நான் கருதுகிறேன்.

சாலெஸ்கி நிர்வாகி மட்டுமல்லர். புனித தோமையார் இந்தியாவுக்கு வந்த மரபைப் பற்றியும், இந்திய மறைசாட்சிகளைப் பற்றியும் நூல்கள் எழுதினார். செடிகொடிகளில் அவருக்குப் பெருவிருப்பம். சென்ற இடங்களிலெல்லாம் தாவரங்களைக் கண்டு வண்ணத்தில் வரைந்து குறிப்பெழுதினார். அந்தச் சித்திரங்கள் பின்னர் வார்சா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. கராம்பும் சாதிக்காயும் விளையும் மலைநாட்டில் வாழ்ந்த ஒருவர் இலையையும் பூவையும் உட்கார்ந்து வரைந்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு தனி நெருக்கம் உண்டாகிறது. பார்த்து வரைபவன் அந்த இடத்தை நேசிக்காமல் இருக்க முடியாது.

1916 இல், முதலாம் உலகப் போரின் நடுவே, அவர் பொறுப்பிலிருந்து விலகினார். அந்தியோக்கியாவின் முதுபெருந்தந்தை என்ற கௌரவப் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. 1918 இல் போலந்தும் லித்துவேனியாவும் மீண்டும் நாடுகளாயின. 1923 இல் புன்னைக்காயலில் பிறந்த திபூர்சியுஸ் ரோச் தூத்துக்குடியின் ஆயரானார். நவீன காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த முதல் இந்திய ஆயர் ஒரு தமிழர் என்பது நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. கண்டியில் பஞ்ஞானி ஆண்டகைக்குப் பின் 1912 இலேயே இலங்கையில் பிறந்த பீட் பீக்மெயர் ஆயராகியிருந்தார். இவற்றையெல்லாம் கண்டபின், 1925 ஒக்டோபர் 5 அன்று சாலெஸ்கி ரோமில் காலமானார்.

வெளிநாடு சென்று பணிபுரியும் ஆயர் எவரானாலும், அவருடைய வெற்றியை அளக்க ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டென்று நான் எண்ணுகிறேன். அவர் போனபின் அவரைப்போல் இன்னொருவர் கப்பலேறி வரவேண்டிய தேவை இருக்கிறதா, இல்லையா? சாலெஸ்கி தம் வாழ்நாளின் பெரும் பகுதியைத் தம் இனத்தவர் இங்கே தேவைப்படாமற் போவதற்காகச் செலவிட்டார். நாடில்லாதவராகப் பிறந்தவருக்கு, பிறர் வீட்டில் தலைமை வேறொருவர் கையில் இருப்பதன் வலி புரிந்திருக்க வேண்டும். இது என் ஊகமே. ஆனால் அவருடைய செயல்கள் இந்த ஊகத்துக்கு இடங்கொடுக்கின்றன.

இந்த ஆராய்ச்சியெல்லாம் ஏதோ பழங்கதை என்று நானும் எண்ணியிருந்த காலம் உண்டு. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதிக்குப் பின் அப்படி எண்ண முடியவில்லை.

அதற்கு ஓராண்டுக்கு முன், 2018 மார்ச்சில், திகனையில் மூண்ட வன்செயல் எங்களூர்ப் பக்கமும் பரவிற்று. அம்பத்தென்னை, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை என்று கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஊரடங்கு, அவசரகாலச் சட்டம், சமூக வலைத்தளங்களுக்குத் தடை எல்லாம் இருந்தன. அதன் ஆறாத வடுவோடு இருந்தபோதுதான் உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்தன. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் வழிபட வந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களின் பெயர்கள் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களைப் போன்றவை. அந்த வாரம் எங்களூரில் நிலவிய மௌனத்தை நான் எந்தச் செய்தியிலும் எழுதவில்லை. துக்கமும் வெட்கமும் பயமும் ஒன்றாகக் கலந்தால் அதற்குச் சொல்லில்லை.

மூன்றாம் நாள் இரவு எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேராதனையில் என்னோடு ஒரே வகுப்பில் இருந்து, பின்னர் அம்பிட்டியவில் படித்துக் குருவான நண்பர். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். குருவான பின்னும் எங்களுக்குள் 'மச்சான்' மாறவில்லை.

"மச்சான், பிள்ளைங்க எல்லாம் வீட்டுலதானே? ரெண்டு நாளைக்கு டவுன் பக்கம் போகாதே."

"நீதான் மச்சான் இப்ப துக்கத்துல இருக்கிறே. நான்தான் ஒனக்கு எடுத்திருக்கணும். என்ன சொல்றதுன்னு தெரியாம இருந்துட்டன்."

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர் சொன்னார்: "கர்தினால் டிவியில பேசினதப் பாத்தியா? ஒருத்தரும் கையத் தூக்கக் கூடாதுன்னு சொல்லிட்டார். எங்க சனம் கேக்கும். வெள்ளக்காரன் ஒருத்தன் அந்த நாற்காலியில இருந்து இதச் சொல்லியிருந்தா கேட்டிருக்குமான்னு தெரியல்ல."

கர்தினால் மல்கம் ரஞ்சித்தின் எல்லாக் கருத்துகளோடும் நான் உடன்படுகிறவன் அல்லன். ஆனால் அந்த நாட்களில் அவர் தம் மக்களைப் பழிவாங்கலிலிருந்து தடுத்து நிறுத்திய விதத்தை அருகிலிருந்து பார்த்தவன். மே மாதம் நீர்கொழும்பில் கலவரம் மூண்டபோதும், முஸ்லிம்கள்மீது கைவைக்காதீர்கள் என்று அவர் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்த மக்களிடம் அப்படிக் கேட்க உரிமை வேண்டும். அந்த மக்களின் மொழியில், அவர்களுள் ஒருவராக நின்றே அதைக் கேட்க முடியும். அவர் குருத்துவப் படிப்பைத் தொடங்கியது அம்பிட்டியக் குருமடத்தில். எங்களூர்ப் பிள்ளைகள் அந்த மாதங்களைக் கடந்துவந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, உள்ளூர் மகனே உள்ளூர் மேய்ப்பனாக வேண்டுமென்று 1893 இல் சிலர் எடுத்த முடிவு. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

பின்னொரு நாள் நண்பரைச் சந்தித்தபோது இந்தக் கருத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "சரிதான் மச்சான். ஆனா உன் கணக்கு இன்னும் முடியல்ல. கண்டிக்கு இதுவரைக்கும் எத்தனை ஆயர்னு எண்ணிப்பாரு" என்றார்.

எண்ணிப்பார்த்தேன். பஞ்ஞானி, பீக்மெயர், ரெஞ்ஞோ, லியோ நாணயக்கார, போல் பெரேரா, வியானி பெர்னாண்டோ, 2021 முதல் வலன்ஸ் மெண்டிஸ். எழுவர். இத்தாலியர் இருவர், பறங்கியர் ஒருவர், சிங்களவர் நால்வர். தேயிலை மலைகள் சூழ்ந்த இந்த மறைமாவட்டத்தில், தோட்டத் தேவாலயங்களை நிறைக்கும் மலையகத் தமிழருள் ஒருவரும் அந்த ஆசனத்தில் அமரவில்லை. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டுச் சொந்த நாட்டில் நாடற்றவராக்கப்பட்ட மக்கள் அவர்கள். நாடில்லாமற் பிறந்த சாலெஸ்கி இன்று இங்கிருந்தால் முதலில் யாரைத் தேடிப்போயிருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது.

இதைக் குற்றச்சாட்டாக நான் எழுதவில்லை. அந்த எழுவருள்ளேயே லியோ நாணயக்கார ஆண்டகை போன்றவர் இருந்தார். 1972 இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, வசதியான கண்டியை விட்டுவிட்டுத் தாமே விரும்பி அந்த ஏழை மறைமாவட்டத்துக்குச் சென்றார். குருமாணவர்கள் மதிலுக்குள் படித்தால் போதாது, கிராமத்து மக்களோடும் தோட்டத்து மக்களோடும் வாழ்ந்து படிக்க வேண்டும் என்று பண்டாரவளையில் 'சேவக செவன' என்னும் பயிற்சி இல்லத்தை அமைத்தார். இலத்தீன் மடத்தின் குறை எதுவோ அதற்கு மருந்து தேடியவர் அவர். உள்ளூர் மயமாதல் என்பது ஒரே தாவலில் முடிந்துவிடும் காரியமன்று. ஐரோப்பியரிடமிருந்து நம் நாட்டவரிடம் வருவது முதற்படி. நம் நாட்டவருள் எவருக்கு என்பது அடுத்த படி. முதற்படியில் ஏறியவர்களே பலவேளை அடுத்த படியை மறைத்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள்.

இது திருச்சபைக்கு மட்டும் உரிய நோயன்று. நான் பத்திரிகைக்கு வந்த 1990களில், மலைநாட்டுச் செய்தியைக் கொழும்பிலிருந்து எழுதுவதே வழக்கம். தோட்டத்தில் ஒரு மண்சரிவு என்றால், அந்த மலையையே பார்த்திராதவர் அதைத் திருத்தி எழுதுவார். நான் பணியாற்றிய ஓர் ஆசிரியபீடத்தில், நான் அனுப்பிய செய்தியில் இருந்த 'லயம்' என்ற சொல்லை 'குடியிருப்புத் தொகுதி' என்று மாற்றிவிட்டார்கள். செய்தியில் பிழையில்லை. ஆனால் அந்த மக்கள் அதில் இல்லை. இன்று என் பொறுப்பில் சில இளைஞர்கள் இருக்கிறார்கள். ஹட்டனிலிருந்து ஒரு பெண், மாத்தளையிலிருந்து ஒரு பையன், எங்களூரிலிருந்து ஒருவர். அவர்கள் எழுதும் சில வாக்கியங்களைத் திருத்தக் கை பரபரக்கும். பேனாவை மூடிவைத்துவிடுகிறேன். அவர்களுடைய ஊரின் சொல் அவர்களுக்கே தெரியும்.

ஐம்பதைத் தாண்டிய எவருக்கும் இந்தக் கட்டம் வரும். வைத்தியராகட்டும், ஆசிரியராகட்டும், கடை நடத்துகிறவராகட்டும், தமக்குப் பின் யார் என்ற கேள்வி படலையடியில் வந்து நிற்கும். நான் இல்லாவிட்டால் இது நடக்காது என்று சொல்லக் கேட்பதில் ஒரு சுகம் உண்டு. அதைவிடப் பெரிய காரியம், நான் இல்லாமலே இது நடக்கிறது என்ற நிலையைத் தன் கையால் உண்டாக்கிவிட்டு விலகுவது. அதற்கு மனத்தில் ஒரு பெருந்தன்மை வேண்டும். வெலியோனாவில் பிறந்த அந்தப் பேராயரிடம் அது இருந்தது. 1896 ஒக்டோபரில் மூன்று மலையாளிகளின் தலைமேல் கை வைத்தபோது, இனித் தம்மைப்போன்ற ஓர் ஐரோப்பியருக்கு அந்த மூன்று ஆசனங்களிலும் இடமில்லை என்பதை அவர் அறிந்தே செய்தார்.

பூனேயில் பாப்பரசர் குருமடம் இன்றும் இயங்குகிறது. அம்பிட்டியவில் தேசிய குருமடம் இயங்குகிறது. எர்ணாகுளத்திலும் திருச்சூரிலும் சங்ஙனாச்சேரியிலும் ஆயர்கள் மலையாளிகளே. கண்டிக்கு வரும் நண்பர்கள் தலதா மாளிகையைப் பார்த்துவிட்டு, பேராதனைப் பூங்காவுக்கும் போய்விட்டு, நேரமிருந்தால் அம்பிட்டியச் சாலையில் ஒருமுறை ஏறிப்பாருங்கள். ஹலோலுவையில் ஒராபி பாஷாவின் நினைவில்லமும் இருக்கிறது. அங்கிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாக எங்களூருக்கு அதிக தூரமில்லை. வந்தால் ஏலக்காய் போட்ட தேநீர் தருவோம்.